சீரியல் லைன் விழுந்தால் எங்கே பார்ப்பது?

ரௌட்டரின் சீரியல் போர்ட்டில் வரும் லீஸ்டு லைன் (இரண்டு அலுவலகங்களை இணைக்கும் தனி வாடகை லைன்) விழுந்ததும் சிஸ்கோ ரௌட்டரை ரீபூட் செய்யாதீர்கள். பிழைகளை எண்ணும் கவுண்டர்கள் அழிந்து, காரணமும் மறைந்துவிடும். முதலில் ‘ஷோ இன்டர்ஃபேசஸ் சீரியல்’ கமாண்ட் கொடுத்து, சீரியல், புரோட்டோகால் இரண்டின் நிலையையும் காட்டும் முதல் வரியைப் படியுங்கள்.

சீரியல் டவுன், புரோட்டோகாலும் டவுன் என்றால் கோளாறு கேபிள், மோடம் அல்லது வெளி லைனில். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் ரௌட்டரையும் மோடத்தையும் இணைக்கும் வி.35 கேபிளின் கனெக்டர் பின்கள் பச்சை பூத்திருக்கலாம். ரௌட்டரை அணைத்து, கேபிளைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டி ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

சீரியல் அப், புரோட்டோகால் மட்டும் டவுன் என்றால்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் ஒரு முனையில் ஹெச்டிஎல்சி, மறுமுனையில் பிபிபி இருக்கும்; இவை டேட்டாவைப் பொதிந்து அனுப்பும் இரு முறைகள், இரு முனையிலும் ஒன்றே இருக்க வேண்டும். நாகர்கோவிலில் சிஸ்கோ, மார்த்தாண்டம் கிளையில் வேறு கம்பெனி ரௌட்டர் என்றால் இரண்டிலும் பிபிபி வையுங்கள். சிஸ்கோவின் ஹெச்டிஎல்சி அதன் சொந்த வடிவம். அதுவும் சரியாக இருந்தால் கிளாக்கை (டேட்டாவின் வேகத்தை நிர்ணயிக்கும் சிக்னல்) பாருங்கள். மோடம் இருந்தால் கிளாக் அங்கிருந்தே வரும். ரௌட்டர்களை நேரடியாக இணைத்திருந்தால் மட்டும், ‘ஷோ கன்ட்ரோலர்ஸ்’ டிசிஇ (கிளாக் தரும் பக்கம்) என்று காட்டும் முனையில் ‘கிளாக் ரேட் 64000’ கொடுங்கள்.

‘லூப்டு’ என்று வந்தால் டெஸ்டுக்குப் போட்ட லூப் (அனுப்பியதையே திருப்பி அனுப்பும் இணைப்பு) எடுக்கப்படவில்லை.

லைன் அப், ஆனாலும் இழுக்கிறதா? ‘கிளியர் கவுண்டர்ஸ்’ கொடுத்து ஒரு மணி நேரம் விடுங்கள். இன்புட் எரர் மொத்த டிராஃபிக்கில் 1 சதவீதத்தைத் தாண்டி, சிஆர்சியும் (வழியில் கெட்டுப்போன டேட்டாவின் எண்ணிக்கை) ஏறினால் லைனில் இரைச்சல். அந்த எண்களோடு புகார் கொடுங்கள்.