ஆடி முடித்தவர் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளர் ஆவது எப்படி?

கல்லூரியில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 22 வயதில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் மைதானத்தை விட்டுப் போக மனம் வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஹூஸ்டன் அருகே வளர்ந்தவன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று அடுக்குகளில் கடைசியான டிவிஷன் மூன்றில் ஒரு சின்னக் கல்லூரிக்கு செகண்ட் பேஸ் இடத்தில் ஆடினேன். இப்போது டெக்சாஸில் ஓர் இரண்டாண்டுக் கல்லூரியில் துணைப் பயிற்சியாளர். இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் என்னிடம் முதலில் சம்பளத்தைத்தான் விசாரிப்பார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் இந்த வேலைக்கான தயாரிப்பு, நீங்கள் சீருடையில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

பெரிய ஆட்டக்காரராக இருந்தால்தான் பயிற்சியாளராக முடியும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ராட் டெடோ 1935இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு ஆடியது இரண்டே ஆட்டம். நான்கு முறை மட்டை பிடித்து ஒரு ஹிட். முதுகில் ஏற்பட்ட காயத்தோடு அவருடைய மேஜர் லீக் கனவு முடிந்தது. பிறகு தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1986 வரை பயிற்சியாளராக இருந்து 11 தேசியப் பட்டங்கள் வென்றார். அதில் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து. பின்னாளில் புகழ்பெற்ற பிட்சர்களான (பந்தெறிபவர்கள்) டாம் சீவரும் ரேண்டி ஜான்சனும் அவர் அணியில் ஆடி வளர்ந்தவர்கள். 1973இல், கல்லூரி அணிகளின் தேசிய இறுதித் தொடர் நடக்கும் ஒமாஹாவில், மினசோட்டா அணி 7-0 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் எட்டு ரன் எடுத்து 8-7 என ஜெயித்தது அவருடைய அணி. கடைசி அவுட் விழும்வரை பிள்ளைகளை நம்ப வைத்திருப்பதும் பயிற்சியாளரின் வேலைதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கல்லூரியின் கடைசி இரண்டு ஆண்டுகளில், களத்தில் இல்லாத நேரமெல்லாம் அணி உட்காரும் டக்அவுட்டில் ஸ்டாப்வாட்சும் கையுமாக உட்காருங்கள். முதல் பேஸில் ஆள் நிற்கும்போது எதிரணி பிட்சரின் முதல் அசைவில் அழுத்துங்கள். பந்து, மட்டைக்காரனுக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் கையுறையில் விழும் சத்தத்தில் நிறுத்துங்கள். 1.3 விநாடி என்றால் அந்தப் பிட்சர் சுறுசுறுப்பானவன். அடுத்து, கேட்சர் கையுறையிலிருந்து செகண்ட் பேஸில் நிற்பவனின் கையுறை வரை: கல்லூரி அளவில் 2.0 விநாடி நல்ல எறிதல். இரண்டையும் கூட்டினால் 3.3. பந்து வீசப்படும்போதே முதல் பேஸிலிருந்து செகண்ட் பேஸைத் திருட ஓடும் உங்கள் ஓட்டக்காரனுக்கு 3.4 விநாடி ஆகும் என்றால் அவனை அனுப்பாதீர்கள். ஆனால் ஆறாவது இன்னிங்ஸில் பிட்சர் களைத்துப்போய்க் காலை உயரத் தூக்க ஆரம்பிப்பான். 1.3 மெல்ல 1.5 ஆகும். இப்போது கூட்டல் 3.5. அனுப்பலாம். இன்னிங்ஸ்களுக்கு நடுவே கேட்சர் எறிந்து காட்டும் நேரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். எதிரே மட்டைக்காரன் இல்லாததால் முன்னால் நகர்ந்து எறிவான், நேரம் அழகாக வரும். இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி, கேட்காமலே உங்கள் பயிற்சியாளரிடம் கொடுங்கள். பின்னாளில் உங்களுக்காகப் போன் போட்டுப் பேசப்போவது அவர்தான்.

அடுத்தது ஃபங்கோ. பயிற்சியாளர்கள் கையில் இருக்கும் நீளமான, மெல்லிய மட்டை அது. ஒரு கையால் பந்தைத் தூக்கிப் போட்டு, அதே கையை மட்டைக்குக் கொண்டுவந்து அடிக்க வேண்டும். தரையோடு போக வேண்டுமானால் பந்தின் மேல்பாதியில் தட்டுங்கள். செகண்ட் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு நேராக அடிப்பதை யாரும் செய்துவிடுவார்கள். அவனுடைய வலப்பக்கம், ஓரடி எடுத்து வைத்தால் எட்டும், எடுத்து வைக்காவிட்டால் தவறும் என்ற இடத்துக்கு, வரிசையாக இருபது பந்து அடிக்க முடிகிறதா? அதுதான் பயிற்சி. கேட்சருக்காகச் செங்குத்தாக வானத்துக்கு அடிப்பது இருப்பதிலேயே கடினம். ஆள் இல்லாத மைதானத்தில் ஒரு வாளிப் பந்தோடு தனியாகப் பழகுங்கள். நேர்காணலுக்குப் போனால் பேச்சு முடிந்ததும் சிலர் கையில் ஃபங்கோவைக் கொடுத்து மைதானத்துக்கு அழைத்துப் போவார்கள். பத்து நிமிடத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

படிப்பை முடித்தே தீர வேண்டும். பட்டம் இல்லாமல் கல்லூரிகளில் நிரந்தர வேலை கிடைப்பது அரிது. வழக்கமான முதல் படி, பட்ட மேற்படிப்பில் சேர்ந்து அங்கேயே அணியில் உதவியாளர் ஆவது. படிப்புக் கட்டணமும் சிறு உதவித்தொகையும் கிடைக்கும். டிவிஷன் ஒன்றில் 2023 வரை இரண்டு துணைப் பயிற்சியாளர்களுக்குத்தான் சம்பளம்; மூன்றாமவர் தன்னார்வலர். திறமைசாலிகள் பலர் கோடை முகாம்களிலும் தனி வகுப்புகளிலும் கிடைத்த காசில் வாடகை கட்டி இந்தத் தொழிலில் நின்றார்கள். 2023 ஜூலையில் விதி மாறியது. மூன்றாமவருக்கும் சம்பளம் தரலாம். மாற வேண்டிய விதி, தாமதமாக மாறியது. ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் வருமானம் குறைவுதான், ஊர் ஊராக மாறவும் வேண்டியிருக்கும். இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எங்கே தொடங்குவது? பெயர்பெற்ற அணியில் மூலையில் நிற்பதைவிட, இரண்டாண்டுக் கல்லூரியிலோ டிவிஷன் மூன்றிலோ தொடங்குங்கள் என்பேன். எங்களிடம் ஆள் குறைவு. காலையில் மைதானத்தைச் சமன் செய்வது, மழைக்குத் தார்ப்பாய் விரிப்பது, பிட்சர்களின் பந்துக் கணக்கு, பஸ் ஏற்பாடு, பிள்ளைகளின் மதிப்பெண் பார்ப்பது என்று எல்லாமே உங்கள் தலையில் விழும். தலைமைப் பயிற்சியாளர் ஆகும் நாளில் இதில் ஒன்றுகூடப் புதிதாக இருக்காது.

பள்ளிகளிலிருந்து அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேடும் வேலையில் கவனம் வையுங்கள்; பதவி உயர்வு பெரும்பாலும் இதில்தான் வரும். பள்ளி ஆட்டம் பார்க்கப் போனால், தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பயிற்சியைப் பாருங்கள். ஆட்டத்தில் ஷார்ட்ஸ்டாப் பக்கம் பந்து இரண்டு முறைதான் வரலாம். பயிற்சியில் இருபது முறை வரும். ஸ்காலர்ஷிப் பற்றிப் பேசும்போது எண்களை நேராகச் சொல்லுங்கள். நெடுங்காலம் டிவிஷன் ஒன்றில் ஓர் அணி முழுவதற்கும் 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-26 முதல், விளையாட்டு வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கும் பங்கு தரும் புதிய முறையில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு இல்லை. பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் கூடாது. பணத்துக்கு வழி திறந்தது, இடம் குறைந்தது. முழு ஸ்காலர்ஷிப் தருவதாக வாய்வார்த்தை சொல்லிவிட்டுப் பின்வாங்கும் பயிற்சியாளரின் பெயர் பள்ளிகளில் வேகமாகப் பரவும்.

தேசியப் பட்டத்தை மட்டும் வைத்து உங்களை அளக்காதீர்கள். மைக் மார்ட்டின் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். மெட்ஸ் என்ற தொழில்முறை அணியின் கீழ்நிலை (மைனர் லீக்) அணிகளில் ஆடிவிட்டு, அதே பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்து 1980 முதல் 2019 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 2,029 வெற்றிகள். 17 முறை ஒமாஹாவுக்கு அணியை அழைத்துப் போனார், ஒருமுறைகூடப் பட்டம் கிடைக்கவில்லை. அவரைத் தோற்றவர் என்று சொல்லும் பயிற்சியாளர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

வேலை தேடும் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரியில் அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடு நடக்கும். கைக்காசு போட்டாவது போங்கள். கருத்தரங்குகளைவிட, அவற்றுக்கு வெளியே நடக்கும் பேச்சில்தான் அறிமுகம் கிடைக்கும். மே இறுதியில் சீசன் முடியத் தொடங்கியதும் தலைமைப் பயிற்சியாளர்கள் இடம் மாறுவார்கள். அவர்களோடு துணைப் பயிற்சியாளர்களும் மாறுவார்கள். ஜூன், ஜூலைதான் உங்கள் காலம். ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்த நிலையில் ஆடினீர்கள், என்ன கற்றுக்கொடுக்க முடியும், உங்களைப் பற்றி யாரிடம் கேட்கலாம். அதோடு நீங்கள் ஃபங்கோ அடிக்கும் வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து நேரடியாகப் போன் செய்யுங்கள்.