ஒரே பெயர், வேறு ஆள்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

பேச்சுப்போட்டி, வினாடி வினா, ஆண்டு விழா மலர் என்று வந்துவிட்டால் வேலூரில் முதலில் எடுக்கிற பெயர் ஐடா ஸ்கடர். தப்பாகப் போவதும் பெரும்பாலும் அதில்தான். அந்தப் பெயரில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை, அதாவது சி.எம்.சி.யைத் தொடங்கியவர் ஐடா சோஃபியா ஸ்கடர். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்து 1960-ல் காலமானவர். இன்னொருவர் ஐடா பெல் ஸ்கடர், இவருடைய அண்ணன் மகள். அத்தை தொடங்கிய அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே, கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் வேலை பார்த்தவர். அங்குள்ள புற்றுநோய் மையத்துக்கு வைத்திருப்பது 'ஐடா பி. ஸ்கடர்' என்ற பெயர். நடுவில் நிற்கும் அந்த 'பி'யைப் பார்க்காமல், நிறுவனர் பெயரில் மையம் என்று எழுதிவிடுகிறார்கள். நிறுவனருக்கு 'எஸ்'.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு குழியும் உண்டு. நிறுவனர் ஐடாவின் அப்பா டாக்டர் ஜான் ஸ்கடர். தாத்தாவும் டாக்டர் ஜான் ஸ்கடர்தான். தாத்தா இறந்தது 1855-ல். தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தார் ஐடா என்று உருக்கமாக எழுதுவதற்கு முன்னால் வருடத்தைக் கழித்துப் பார்த்துவிடுங்கள்.

ராமசாமி முதலியார் விஷயம் இதைவிடச் சிக்கல். ஆற்காடு ராமசாமி முதலியார் நீதிக்கட்சித் தலைவர், மைசூர் திவான், 1946-ல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர். சென்னை ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறதே, ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில், அது இவர் இல்லை. அவர் சவலை ராமசாமி முதலியார். முந்தைய தலைமுறை வணிகர், சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே சத்திரம் கட்டியவர். இருவருக்குமே 'சர்' பட்டம் இருந்ததால் குழப்பம் வலுக்கிறது. போதாக்குறைக்கு, ஆற்காட்டாரின் இரட்டைச் சகோதரர் லட்சுமணசாமி முதலியார் பேர்பெற்ற மகப்பேறு மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்தவர். மூன்று பேரையும் ஒரே ஆளாக்கிவிட இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தச் சகோதரர்கள் பிறந்தது கர்நூலில். இவர்கள் பெயருக்கு முன்னால் வரும் 'ஏ' என்ற எழுத்து ஆற்காட்டைக் குறிக்கிறது. அப்பா பெயரையும் அல்ல, பிறந்த ஊரையும் அல்ல. இனிஷியலைப் பார்த்ததும் தகப்பனார் பெயர் என்று நாமாக விரித்து எழுதுவது கெட்ட பழக்கம்.

இனிஷியலை விட்டுவிட்டால் வரும் வினைக்கு ராதாகிருஷ்ணன் ஒருவரே போதும். வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், தத்துவப் பேராசிரியர், 1952-ல் நாட்டின் முதல் குடியரசு துணைத்தலைவர். 2025-ல் அதே பதவிக்கு வந்தவர் சி.பி. ராதாகிருஷ்ணன், திருப்பூர்க்காரர். ஆக, 'குடியரசு துணைத்தலைவர் ராதாகிருஷ்ணன்' என்று மொட்டையாக எழுதினால் பதவியும் காப்பாற்றாது. மங்கள்யான் புறப்பட்டபோது இஸ்ரோ தலைவராக இருந்த கே. ராதாகிருஷ்ணன் தனி.

அப்புறம் துரைமுருகன். காட்பாடியில் பலமுறை வென்ற தி.மு.க. மூத்த தலைவர் ஒருவர், 'சாட்டை' யூடியூப் சேனல் நடத்துபவர் இன்னொருவர். இரண்டு பேரும் அரசியல்தான் பேசுகிறார்கள், அதுவும் எதிரெதிர் முகாம்களிலிருந்து. தலைப்பை மட்டும் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் தள்ளினால் ஒருவர் பேச்சை இன்னொருவர் தலையில் கட்டியதாகிவிடும். கட்சி பெயரோ சேனல் பெயரோ இல்லாத செய்தியை அனுப்பாமலே இருக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

படம் தேடும்போது தனிக் கவனம் வேண்டும். வாலாஜாபேட்டைக்குப் பெயர் தந்த ஆற்காடு நவாப் முகமது அலியை வெறும் பெயரால் தேடினால் குத்துச்சண்டை வீரர்தான் கையுறையோடு வந்து நிற்பார். அவரை யாரும் நவாப் என்று நம்பமாட்டார்கள், அதனால் ஆபத்தில்லை. ஏ.ஆர். முதலியார் (ராமசாமி) கட்டுரைக்கு அவருடைய இரட்டையர் ஏ.எல். முதலியார் (லட்சுமணசாமி) படம் வந்தால்தான் வம்பு. அச்சுக்குப் போகும்வரை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.