ஃபேட்டி லிவர் என்று ரிப்போர்ட் வந்தால் குடியை என்ன செய்வது?

ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று வந்ததும் எண்ணெயைக் குறைக்கிறோம், நடக்கப் போகிறோம், குடியை மட்டும் ‘எப்பவாவதுதானே’ என்று கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். முதலில் அந்த ‘எப்பவாவது’ எவ்வளவு என்று பாருங்கள்.

குடித்த மில்லியை பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, வருவதை 0.8-ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் ஆல்கஹால் என்று தெரிந்துவிடும். 5 சதவீத பீர் 500 மில்லி என்றால் 20 கிராம், 40 சதவீத விஸ்கி 60 மில்லி என்றால் 19 கிராம். பீர்தானே, ஒண்ணும் செய்யாது என்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க எழுதுங்கள், கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றி.

மது உள்ளே போனால் கல்லீரல் மற்ற வேலைகளைப் பின்னால் தள்ளிவிட்டு அதைத்தான் முதலில் உடைக்கிறது. கொழுப்பு எரிவது குறைகிறது, புதுக் கொழுப்பு சேர்கிறது, நடுவில் உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு செல்களைப் புண்ணாக்குகிறது. ஏற்கெனவே சர்க்கரையோ தொப்பையோ இருந்தால் பாதிப்பு இன்னும் வேகமாக ஏறும். அதனால் ‘எவ்வளவு குடிக்கலாம்’ என்று கேட்டால், கொழுப்பு படிந்த கல்லீரலுக்கு பூஜ்யம்தான் என்பேன்.

ஆனால் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் மருத்துவரிடம் சொல்லி, மருந்தோடு நிறுத்துங்கள். மற்றவர்கள் இன்றைக்கே விடலாம். வெறும் கொழுப்பு நிலை என்றால், மதுவால் சேர்ந்தது சில வாரங்களிலேயே குறைய ஆரம்பிக்கும், தழும்பு விழுந்துவிட்டால் அப்படி எளிதாகத் திரும்பாது. தழும்பு இருக்கிறதா என்று பார்க்க ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்ததை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள், அது நார்மலாக இருக்கும்போதே தழும்பு விழுந்திருக்கலாம்.

மருத்துவர் கேட்கும்போது பாதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள், எழுதிய தாளையே நீட்டிவிடுங்கள். பாராசிட்டமால் போடுவதாக இருந்தால் எவ்வளவு போடலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கண் மஞ்சளானால், வயிறு வீங்கினால், ரத்த வாந்தி எடுத்தால், மலம் கறுப்பாகப் போனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.