குமிழைத் தொட்டதும் படம் துள்ளியது

நடன மேடைக்குத் திரைக்காட்சி இயக்குகிறேன். தொடுதிரையில் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்; ஆடுபவரைப் பார்க்க முடியாது. (இருட்டில் அந்த வெளிச்சம் முகத்தில் அடிப்பது வேறு.) அதனால் மிடி குமிழ்ப் பலகைக்கு மாறினேன்: குமிழைத் திருப்பினால் அதன் நிலையை எண்ணாகக் கணினிக்கு அனுப்பும் கருவி.

அடுத்த தலைவலி: காட்சி மாறும்போது மென்பொருளில் மதிப்பு 20, குமிழோ 100-இல். தொட்டதும் படம் துள்ளும். ப்யூர் டேட்டாவில் (பெட்டிகளை இணைத்து நிரல் எழுதும் மென்பொருள்) ஒரு நிபந்தனை வைத்தேன்: குமிழ் மென்பொருளில் உள்ள மதிப்பைக் கடக்கும்வரை அதன் பேச்சு செல்லாது. சமமா என்று மட்டும் பார்த்தால் போதாது. வேகமாகத் திருப்பினால் நடுவில் எண்கள் விட்டுப்போகும், கடந்ததா என்றே பார்க்க வேண்டும்.

மிடி குமிழின் மதிப்பு பொதுவாக 0 முதல் 127 வரைதான். மெல்ல மங்கும் காட்சியில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரு மதிப்பிலிருந்து அடுத்ததற்குச் சீராக நகர்த்தும் ப்யூர் டேட்டாவின் 'லைன்' பெட்டி வழியாக 50 மில்லிவினாடியில் இழையவிட்டேன். அடிக்கடி தேவைப்படும் குமிழ்களில் ரப்பர் வளையம், விரலே கண்டுபிடித்துவிடுகிறது.