ஜேட் போன்சாய்: தட்டுக்கு என்ன அவசரம்?

நர்சரியில் கருப்புக் கவரில் ஒரு சின்ன ஜேட் செடி. பக்கத்து அலமாரியிலேயே ஆழம் குறைந்த நீல வண்ணப் பீங்கான் போன்சாய்த் தட்டு. இரண்டையும் சேர்த்து வாங்கி, அன்று மாலையே செடியைத் தட்டுக்கு மாற்றி, மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, போட்டோ எடுத்துவிடுகிறோம். செடி உடனே சாகாது. ஜேட் அவ்வளவு எளிதில் சாகிற வகையும் இல்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தாலும் அது கிட்டத்தட்ட அதே பென்சில் தடிமனில்தான் நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதன்மையானது. மற்ற பல தவறுகளும் இந்த அவசரத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

அடிமரம் தடிக்க வேண்டுமானால் மேலே நிறைய இலை வேண்டும், கீழே வேர் ஓட இடம் வேண்டும். ஆழம் குறைந்த தட்டு இரண்டையும் தடுக்கிறது. தட்டின் வேலையே அதுதான்: உருவம் வந்துவிட்ட மரத்தின் வளர்ச்சியை அடக்கி வைப்பது. உருவமே வராத செடியை அதில் வைத்தால் அடக்கப்படுவது எது? எனவே முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு அகலமான மண் தொட்டி போதும், இல்லாவிட்டால் குரோ பேக் எனப்படும் செடி வளர்க்கும் பை. அதற்காக எடுத்த எடுப்பிலேயே பெரிய டிரம்மில் நடவும் கூடாது. வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று அங்குலம் அகலமான தொட்டி, அது நிறைந்ததும் அடுத்த அளவு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

அதற்கும் முன்னால், கையில் இருப்பது எந்த ஜேட் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் நர்சரிகளில் இந்தப் பெயரில் இரண்டு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று கிராசுலா ஓவாட்டா: இலை பெரியது, தடித்தது, தண்டு பச்சையும் சாம்பலுமாகச் சதைப்பற்றோடு இருக்கும். மற்றது போர்ட்டுலகேரியா அஃப்ரா: இலை கைவிரல் நகம் அளவுதான், இளந்தண்டு செம்பழுப்பு நிறம். இரண்டுக்கும் தாயகம் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி. ஆனால் குடும்பம் வேறு, குணமும் வேறு. போர்ட்டுலகேரியாவைத் தென்னாப்பிரிக்காவில் ஸ்பெக்பூம் என்கிறார்கள். யானைகள் விரும்பித் தின்னும் செடி. யானை ஒடித்துப் போட்ட கிளைகூட மண்ணில் கிடந்து வேர் விடும். வெட்ட வெட்டத் துளிர்க்கும் இந்தக் குணம்தான் போன்சாய்க்கு நமக்குத் தேவை.

சென்னை, மதுரை, திருச்சி வெயிலுக்குப் போர்ட்டுலகேரியாவைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இலை சிறியது, வளர்ச்சி வேகமானது, மொட்டை மாடி வெப்பத்தையும் தாங்கும். கிராசுலா கடும் கோடையில் சுணங்கிவிடும். அந்த நேரத்தில் தண்ணீரை அள்ளி ஊற்றினால் தண்டே கொழகொழவென்று ஆகிவிடும். பெங்களூரு மாதிரி மிதமான ஊர்களில் அது நன்றாகவே வரும். ஊட்டியில் வைப்பவர்கள் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு இரண்டையுமே உள்ளே எடுத்துவிட வேண்டும். வெளிநாட்டு வீடியோவில் ஒற்றை இலையை மண்ணில் வைத்துச் செடி உண்டாக்குகிறார்களே என்று நாமும் முயன்று ஏமாறுவதற்குக் காரணமும் இந்தப் பெயர்க் குழப்பம்தான். கிராசுலா இலையிலிருந்து சுலபமாக வரும். போர்ட்டுலகேரியாவுக்குக் குச்சிதான் நம்பகமானது.

இனி தண்ணீர். "தினமும் கொஞ்சம் கொஞ்சமாக" என்பது கேட்க அக்கறையாகத்தான் இருக்கிறது. ஜேட்டுக்கு அதைவிட மோசமான பழக்கம் இல்லை. இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி இது. வெயிலும் வறட்சியும் கூடும்போது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து மூச்சு விடும். அதனால் அதன் செலவு குறைவு. ஊற்றும்போது தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். அப்புறம் மண் உள்ளேயும் காயும்வரை விட்டுவிடுங்கள். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுத்தால் ஈரம் தெரிந்துவிடும். "வாரத்துக்கு எத்தனை தடவை?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, மே மாத மாடிக்கும் நவம்பர் பால்கனிக்கும் கணக்கு வேறு.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இலை சுருங்கினால் தாகம் என்று படித்திருப்போம். உண்மைதான். ஆனால் வேர் அழுகினாலும் இலை சுருங்கும், ஏனென்றால் தண்ணீர் இருந்தும் உறிஞ்ச வேர் இல்லை. அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினால் கதை முடிந்தது. எனவே சுருங்கிய இலையைப் பார்த்ததும் முதலில் மண்ணைப் பாருங்கள், அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மண் காய்ந்து தண்டு கெட்டியாக இருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்து தண்டு மெத்தென்று அமுங்கினால் அழுகல். அழுகலாக இருந்தால் அந்தச் செடியின் அடிப்பகுதியைக் காப்பாற்றப் போராட வேண்டாம். உள்ளே பழுப்பே தெரியாத உயரம்வரை மேலே வெட்டி, அந்த மேல்துண்டை வெட்டுவாய் காயும்படி சில நாள் நிழலில் போட்டுவிட்டுப் புதிதாக நடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் தமிழ்நாட்டு ஜேட்டுக்கு நிஜமான தேர்வு. ஓரிரு நாள் மழை ஒன்றும் செய்யாது. விடாமல் நாலைந்து நாள் கொட்டினால்தான் ஆபத்து. கூரையின் கீழ் நகர்த்துங்கள். இடம் இல்லையென்றால் தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள், வடியும் தண்ணீரைப் பிடிக்க அடியில் வைத்திருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள்.

மண் சரியாக இருந்தால் தண்ணீர் விஷயத்தில் பாதித் தவறு தானாகவே மன்னிக்கப்படும். நர்சரிக் கவரில் பெரும்பாலும் களிப்பான செம்மண்தான் இருக்கும். காய்ந்தால் செங்கல்லாக இறுகும், நனைந்தால் சேறாகும். அதை அப்படியே தொட்டிக்குள் இறக்காமல் வேரைச் சுற்றியுள்ள கட்டியை மெதுவாக உதிர்த்துவிடுங்கள். பாதிக்கு மேல் பருவட்டான பொருள் வேண்டும்: மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அளவில் உடைத்த செங்கல் துண்டு, பெருமணல், கிடைத்தால் பெர்லைட் அல்லது பியூமிஸ் (இரண்டும் எரிமலைப் பாறையிலிருந்து வரும் லேசான துகள்கள்). மீதி நன்றாக மக்கிய உரம். சல்லடையில் சலித்துத் தூளை நீக்காவிட்டால் இந்தப் பாடெல்லாம் வீண். அந்தத் தூள்தான் இடுக்குகளை அடைத்து நீரைத் தேக்கும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

மாற்றி நட்டதும் தண்ணீர் ஊற்றுவது நமக்குக் கை வந்த பழக்கம். ஜேட்டுக்கு மட்டும் ஐந்தாறு நாள் பொறுங்கள். அறுந்த வேர்முனைகள் காய்ந்து மூட வேண்டும். அதே சமயம் செடி ஆடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்பாரம் அதிகமான செடி என்பதால் காற்றில் ஆடி, புதிதாக விட்ட வேர் அறுந்துகொண்டே இருக்கும். துளை வழியே ஒரு கம்பி கொடுத்து வேர்ப்பகுதியைத் தொட்டியோடு கட்டிவிடலாம்.

வீட்டுக்குள் டிவி பக்கத்தில் வைத்தால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, செடி ஒல்லியாகச் சாயும். அப்படி நீண்ட கணுவிடை பிறகு வெயிலில் வைத்தாலும் சுருங்காது. வெட்டித்தான் திருத்த வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். ஆனால் நிழலில் இருந்த செடியைத் திடீரென்று மே மாத உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். காலை வெயிலில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழக்குங்கள். வெயிலில் இலை ஓரம் சிவப்பது நோய் இல்லை, பயப்பட வேண்டாம்.

கத்தரிப்பதில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு. ஒரு சாராருக்கு வெட்டவே மனசு வராது. இன்னொரு சாரார் வாராவாரம் நுனியைக் கிள்ளி உருண்டையாக்கிக் கொண்டே இருப்பார்கள்; கிளை தடிக்கவே தடிக்காது. கிளையை ஆறேழு ஜோடி இலை வரும்வரை ஓட விட்டு, அப்புறம் ஒன்று அல்லது இரண்டு ஜோடி மட்டும் விட்டு வெட்டுங்கள். ஜேட்டின் இலைகள் எதிரெதிர் ஜோடியாக வருவதால் அந்தக் கணுவில் பெரும்பாலும் இரண்டு துளிர் வரும், கிளை பிரியும். ஒரே இடத்தில் நாலைந்து கிளைகள் கிளம்பினால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் அந்த இடம் புடைத்து, அடிமரம் கீழே ஒல்லியாகவும் மேலே குண்டாகவும் ஆகிவிடும். நேர்மாறாக, அடியில் இருக்கும் சில கிளைகளை "அசிங்கமாக இருக்கிறது" என்று சீக்கிரம் வெட்டிவிடாதீர்கள். அவை இருக்கும்வரை அடிமரம் தடிக்கும். வேலை முடிந்ததும் எடுக்கலாம்.

தடித்த கிளையை மரத்தோடு ஒட்ட வெட்டக் கூடாது. சிறு குச்சியாக மிச்சம் விட்டு வெட்டினால் அது கணுவரை காய்ந்து, பிறகு தொட்டாலே உதிர்ந்துவிடும். வெட்டிய இடத்தில் பசையோ மஞ்சளோ பூச வேண்டியதும் இல்லை. காற்றில் காய விடுங்கள். அடைமழை நாட்களில் பெரிய வெட்டு வேண்டாம்.

கிளையை வளைக்கக் கம்பி சுற்றித்தான் போன்சாய் செய்ய வேண்டும் என்பதும் ஒரு மூடநம்பிக்கை. சீனாவின் லிங்னான் மரபில் வளர விடுவது, வெட்டுவது, மறுபடி வளர விடுவது என்று பெரும்பாலும் கத்தரியாலேயே மரத்துக்கு வளைவு தருகிறார்கள். ஜேட்டுக்கு அதுதான் பொருந்தும் என்பது என் கட்சி. கம்பி வேண்டும் என்றால் அலுமினியக் கம்பி, இறுக்காமல், சில நாள் தண்ணீர் நிறுத்திக் கிளை துவண்டிருக்கும்போது சுற்றுங்கள். தண்ணீர் நிறைந்த கிளை சட்டென்று ஒடியும். வாரம் ஒரு தடவை பாருங்கள். கம்பி பதிய ஆரம்பித்ததும் வெட்டி எடுங்கள், பிரித்துச் சுழற்றாதீர்கள். தடம் விழுந்தால் வருடக்கணக்கில் மறையாது.

சமையலறைக் கழிவு பற்றி ஒரு வார்த்தை. டீத்தூளை மேலே கொட்டினால் ஈரம் தேங்கும், கொசு மாதிரிச் சின்ன ஈ வரும். மக்க வைத்துப் போட்டால்தான் உரம். கணு இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, மாலை நேரத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள். வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகும்.

சரி, தட்டு எப்போது? அடிமரம் உங்கள் கட்டைவிரல் தடிமனையாவது தாண்டி, முதன்மைக் கிளைகள் நின்றுவிட்ட பிறகு. நேரம், பிப்ரவரி, மார்ச்: மழை ஓய்ந்து, துளிர் கிளம்பும் காலம். துளை இல்லாத பீங்கான் தட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிடுங்கள். துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போடுங்கள், மண் போகாது. தட்டின் ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவு இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் வெயிலுக்கு ஓரங்குலம் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.