ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன்

வாயிலோ பிறப்புறுப்பிலோ புண் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு (எச்எஸ்வி; டைப் 1, டைப் 2 என இரண்டு உண்டு) ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால், லேபில் ஒன்று கேளுங்கள்: "இது கிளைக்கோபுரோட்டீன் ஜி-யை வைத்து டைப் பிரித்துச் சொல்லும் ஐஜிஜி டெஸ்ட்தானா?" கிளைக்கோபுரோட்டீன் ஜி என்பது வைரஸின் ஒரு புரதம்; ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடி வகைகள். சீட்டில் 'எச்எஸ்வி 1+2 ஐஜிஎம்' என்று மட்டும் இருந்தால், டாக்டரிடம் பேசிவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

காரணம் வைரஸின் மேலுறைப் புரதங்களில் இருக்கிறது. டி என்ற புரதம் நம் செல்லில் உள்ள நெக்டின்-1 போன்ற ஏற்பிகளை (வைரஸ் ஒட்டிக்கொள்ளும் புரதங்களை)ப் பிடித்துக்கொள்ள, எச், எல் என்ற புரத ஜோடியின் தூண்டுதலில் பி புரதம் வைரஸ் உறையைச் செல் சவ்வோடு இணைக்கிறது. வைரஸ் உள்ளே போவது இப்படித்தான். நுழைவுக்கு அவசியமான இந்த பி-யும் டி-யும் டைப் 1, டைப் 2 இரண்டிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், ஒன்றுக்கு உருவான ஆன்டிபாடி மற்றதிலும் ஒட்டும். ஜி புரதம் இரண்டிலும் நன்றாக வேறுபடுகிறது, அதனால் அதை வைத்துத்தான் டைப்பைப் பிரிக்க முடியும். ஐஜிஎம்மோ டைப்பைச் சரியாகப் பிரிக்காது. பழைய தொற்று மறுபடி கிளம்பும்போதும் பாசிட்டிவ் காட்டலாம்.

இப்போது புண் இருக்கிறதென்றால் ரத்தம் வேண்டாம், புண்ணிலிருந்தே மாதிரி எடுத்து வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட்தான் சரி. தொற்றியிருக்கலாம் என்று நினைக்கும் நாளிலிருந்து 12 வாரம் ஆகாமல் வரும் நெகட்டிவை நம்ப வேண்டாம். டைப் 2 பாசிட்டிவ் வந்து ரிப்போர்ட்டில் உள்ள இன்டெக்ஸ் எண் (ஆன்டிபாடி சிக்னலின் அளவு) 3-க்குக் கீழே இருந்தால், வேறொரு முறையில் உறுதி செய்யும்வரை தயவுசெய்து மனம் உடைந்துவிடாதீர்கள். தவறான பாசிட்டிவ் அந்த அளவில் நிறையவே வருகிறது. பச்சிளம் குழந்தைக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது, தாயின் ஆன்டிபாடியே அதன் ரத்தத்தில் இருக்கும். குழந்தைக்குத் தொற்று இருக்குமோ என்று சந்தேகம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.