குழந்தைகளின் பல் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழப்போகிற பல்லுக்கு எதற்கு இத்தனை மெனக்கெடல் என்ற எண்ணம்தான், குழந்தைகளின் பல் பராமரிப்பில் பெற்றோர் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கினாலும், பின்புறக் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருந்தாக வேண்டும். அடியில் வளரும் நிரந்தரப் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பவை அவையே. சொத்தை முற்றி அவற்றில் ஒன்றை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பல் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்ந்து, பின்னால் வரும் பல் கோணலாக முளைக்க வழிவிடுகிறது. பால் பல்லின் எனாமல் எனும் கடினமான வெளிப்படலம் மெல்லியது என்பதால் சொத்தையும் விரைவாக உள்ளே இறங்கிவிடும்.

அடுத்த தவறு இரவில் நடக்கிறது. பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடுவது அப்போதைக்கு எளிதாக இருக்கலாம். ஆனால் தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுவதால், பாலிலுள்ள சர்க்கரை கழுவப்படாமல் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி, கிருமிகள் அதை அமிலமாக மாற்ற மணிக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். அந்த நிலையில், எனாமலை உறுதியாக்கும் தாதுவான ஃபுளோரைடும் உணவுப் பழக்க மாற்றமும் அதைத் தடுத்து நிறுத்தக்கூடும். பழுப்பேறிக் குழி விழுந்த பிறகு பல் தானாகச் சரியாகாது.

பிரஷ்ஷைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் பரவலான தவறு. மூன்று வயதுக் குழந்தை தானே பல் துலக்குவதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் உற்றுக் கவனித்தால், முன்பற்களை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மீதி நேரம் பிரஷ்ஷின் நார்களை மென்றுகொண்டிருப்பது தெரியும். கடைவாயின் உட்புறம் வரை பிரஷ்ஷைத் திருப்பிக் கொண்டுபோகும் கைத்திறன் ஏழெட்டு வயதில்தான் வருகிறது. அதுவரை அவர்கள் துலக்கி முடித்ததும், பெரியவர் ஒருவர் பின்னால் நின்று, தலையைத் தம் மீது சாய்த்துக்கொண்டு, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மெதுவாக மீண்டும் ஒருமுறை துலக்கிவிட வேண்டும். காலையில் அவசரம் என்றால் புரிந்துகொள்ளலாம். தூங்கும் முன் துலக்குவதை மட்டும் தவறவிடக் கூடாது.

பேஸ்ட் விஷயத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உண்டு. குழந்தை விழுங்கிவிடுமோ என்று பயந்து சிலர் ஃபுளோரைடே இல்லாத பேஸ்ட்டை வாங்குகிறார்கள். வேறு சிலர் விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நிறையப் பிதுக்குகிறார்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும், மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும்.

இனிப்பைப் பொறுத்தவரை, எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். ஒரு பாட்டில் பழச்சாற்றை மதியம் முழுவதும் மடக்கு மடக்காகக் குடிக்கும் குழந்தையின் பற்கள், அதையே சாப்பாட்டோடு குடித்து முடிப்பவனின் பற்களைவிட நெடுநேரம் அமிலத்தில் கிடக்கின்றன. இரவில் கொடுக்கும் சர்க்கரை கலந்த சிரப் மருந்தும் அப்படியே பல்லில் நெடுநேரம் தங்கிவிடும்.

முதல் பல் முளைத்ததும், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், பல் மருத்துவரை ஒருமுறை பார்ப்பது நல்லது. வலி வந்த பிறகே அழைத்துச் செல்வதும், அடம்பிடிக்கும்போது "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டுவதும் பிற்காலச் சிகிச்சைகள் அனைத்தையும் கடினமாக்கிவிடும். ஆறு வயதையொட்டி எந்தப் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் சத்தமின்றி ஒரு பெரிய பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிரந்தரக் கடைவாய்ப் பல். அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான பிளவுகளைச் சொத்தை பிடிக்கும் முன்பே பூசி அடைக்கும் சீலன்ட் சிகிச்சை தேவையா என்பதை அந்த வயதில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.